கார் ஷோரூமில் பிறந்த எழுத்து

1970களின் கடைசியில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துக்குப் பெயர்ப்பலகையில் ஒரு சிக்கல் வந்தது. ஃபோக்ஸ்வாகன் கார்களையும் ஆடி கார்களையும் ஒரே விற்பனையகத்தில் வைத்து விற்பது என்று முடிவாகி, அந்த விற்பனையகங்களுக்கெல்லாம் வி.ஏ.ஜி. என்ற பொதுப்பெயரும் வைத்தாயிற்று. பலகையில் எந்த எழுத்தில் எழுதுவது? ஃபோக்ஸ்வாகனின் எழுத்து ஃபியூச்சுரா. 1959-இல் தொடங்கிய பீட்டில் விளம்பரங்களின் மூலம் உலகமே பார்த்துப் பழகிய எழுத்து அது. வட்டமும் நேர்கோடுமாக, முனைகள் வெட்டினாற்போல இருக்கும். ஆடியின் எழுத்து டைம்ஸ். செய்தித்தாளுக்காகப் பிறந்தது, கோடுகள் தடித்தும் மெலிந்தும் வரும், முனைகளில் சின்னச் சின்னக் கால்கள் இருக்கும். ஒன்றை எடுத்தால் மற்றவர் முகம் சுளிப்பார். இரண்டையும் கலந்தாலோ பார்க்கச் சகிக்காது.

இரண்டையும் ஒதுக்கிவிட்டு மூன்றாவதாக ஒன்றைச் செய்தார்கள். லண்டனின் செட்லி பிளேஸ் வடிவமைப்பு நிறுவனம் வரைந்த அந்த எழுத்துருவுக்கு வி.ஏ.ஜி. ரவுண்டட் என்று பெயர். அந்தக் குழுவில் இருந்த ஜெரி பார்னி அதற்கு முன்பே ஒரு சின்னத்தை நாடு முழுக்கப் பதித்தவர். பிரிட்டிஷ் ரயில்வேயின் இரட்டை அம்புக்குறி, இன்றும் அந்த நாட்டு ரயில் நிலையங்களில் பார்க்கிறோமே, அதை வரைந்தவர் அவர்தான். வி.ஏ.ஜி. ரவுண்டட்டின் எலும்புக்கூடு ஃபியூச்சுராவுக்கு உறவு. ‘ஓ’ கிட்டத்தட்ட முழுவட்டம், கோடுகள் ஒரே தடிமன். ஆனால் எந்தக் கோட்டின் முனையும் வெட்டப்படவில்லை. எல்லாம் அரைவட்டமாக உருண்டு முடிகின்றன.

உருண்ட முனை அதற்கு முன்னும் இருந்தது. புதுமை அதில் இல்லை. முன்பெல்லாம் அப்படி உருண்டதற்குக் காரணம் கருவி. இங்கே ஒரு நிறுவனம் உட்கார்ந்து யோசித்து, ‘உருண்டையாக இருக்கட்டும்’ என்று தேர்ந்தெடுத்தது. இன்றைக்குக் கைபேசிச் செயலிகளிலும் குழந்தைகள் பள்ளிப் பலகைகளிலும் காப்பீட்டு நிறுவனங்களின் கடிதத் தாள்களிலும் உருண்டு திரிகிற அத்தனை எழுத்துகளுக்கும் பின்னால் இந்த மாற்றம் இருக்கிறது.

கருவியின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லலாம், சுவையானது. உலோகத் தகட்டில் எழுத்துச் செதுக்கும் இயந்திரத்தின் வெட்டுமுனை சுழலும். சுழல்வது எதுவாக இருந்தாலும் அது தொடங்கும் இடமும் நிற்கும் இடமும் உருண்டையாகத்தான் இருக்கும். சதுர முனை வேண்டுமென்றால் தனியாக அரம் போட வேண்டும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் லென்ஸ் செய்துகொண்டிருந்த டெய்லர், டெய்லர் அண்டு ஹாப்ஸன் நிறுவனமும், அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரேசீன் ஊரிலிருந்த ஜார்ஜ் கோர்ட்டன் நிறுவனமும் விற்ற செதுக்கு இயந்திரங்கள் இப்படித்தான் எழுதின. அந்த எழுத்தை யாரும் அழகுக்காக வரையவில்லை. அச்சு வார்ப்பைத் தடம்பிடித்து இயந்திரம் நகர்ந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அது லிஃப்ட் பொத்தான்களிலும், தொழிற்சாலைச் சுவிட்சுப் பலகைகளிலும், பழைய கணினி விசைகளிலும், நிலவுக்குப் போன அப்பல்லோ கலங்களின் கட்டுப்பாட்டுப் பலகைகளிலும் ஏறி உட்கார்ந்தது. வடிவமைப்பாளர் பெயர் யாருக்கும் தெரியாத எழுத்துகளிலேயே அதிகம் உழைத்தது இதுவாகத்தான் இருக்கும்.

பொறியியல் வரைபடமும் அப்படியே. லெராய் போன்ற எழுத்து அச்சுக் கருவிகளில், பள்ளம் வெட்டிய பட்டையின்மேல் ஓர் ஊசி ஓட, குழாய்முனைப் பேனா தாளில் எழுதும். பேனாவின் முனை வட்டம். ஆகவே கோட்டின் முனையும் வட்டம். வரைபடத்தில் எழுதுவதற்கென்று வந்த ஐ.எஸ்.ஓ. 3098 தரநிலையின் எழுத்துகளைப் பார்த்தால் அந்தப் பேனா கண்ணுக்குத் தெரியும். பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ ட்ராயிங் ஹாலில் நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பிறகு நியான். 1910-இல் ஜார்ஜ் கிளோட் தம் நியான் விளக்கைப் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் காட்டினார். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி வளைத்து எழுதும் எழுத்துக்குக் கூர்முனை என்பதே கிடையாது. கார் வியாபாரமும் நியானும் அங்கேயே ஒருமுறை சந்தித்துக்கொண்டன, வி.ஏ.ஜி.க்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்பே.

ஜப்பானில் கதை வேறு திசையில் போனது. அங்கே ‘மரு கோதிக்’ என்று ஒரு முழு வகையே உண்டு. மரு என்றால் வட்டம். 1970-இல் ஒரு போட்டியில் முதல் பரிசு வாங்கி, 1972-இல் ஷாகென் நிறுவனம் வெளியிட்ட ‘நார்’ என்ற எழுத்துரு அந்த வகையில் பேர்போனது. நகாமுரா யுகிஹிரோ வரைந்தது. கட்டத்தின் விளிம்புவரை பரந்து, மெல்லிய கோட்டில், உருண்ட முனையோடு இருக்கும் அந்த எழுத்தை இளைஞர் இதழ்கள் முதலில் கொண்டாடின. அப்புறம் அதன் தடித்த வடிவம் நெடுஞ்சாலை வழிகாட்டிப் பலகைகளுக்குப் போனது. நமக்கு ‘செல்லம்’ என்று தோன்றுகிற வடிவம், அவர்களுக்கு ‘இடதுபுறம் திரும்பவும்’ என்று சொல்லும் அரசாங்கக் குரல். உருண்டை எழுத்து என்றாலே குழந்தைத்தனம் என்று பேசுகிறவர்கள் ஜப்பானியச் சாலைகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அப்படியானால் உருண்டைக்கும் மென்மைக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா, அல்லது பழக்கமா? மனித மனம் வளைவை விரும்புகிறது என்பதற்குச் சான்று உண்டு. மோஷே பார், மைடல் நீட்டா இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பொருளின் கூர்முனை வடிவத்தையும் வளைந்த வடிவத்தையும் காட்டியபோது பார்த்தவர்கள் வளைவின் பக்கம் சாய்ந்தார்கள். அதைவிடப் புகழ்பெற்றது ‘பூபா–கிகி’ சோதனை. நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் 2001-இல் எழுதிய கட்டுரையில் வருவது. கூர்முனைகளோடு ஒரு வடிவம், குமிழ்களோடு ஒரு வடிவம். இதில் எது பூபா, எது கிகி என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் குமிழைத்தான் பூபா என்கிறார்கள். ஆங்கில எழுத்தின் வடிவம் ஏமாற்றுகிறதோ என்ற ஐயம் எழும். தமிழ் பேசுவோரிடமும் இதே விளைவுதான் கிடைத்தது என்று ராமச்சந்திரன் பிற்பாடு எழுதியிருக்கிறார்.

ஆனால் இந்தச் சோதனைகளைக் கையில் வைத்துக்கொண்டு, ‘உருண்டை எழுத்துப் போட்டால் வாடிக்கையாளர் நம்மை நேசிப்பார்’ என்று முடிவுகட்டுவது அவசரம். குமிழ் வடிவத்தைப் பார்ப்பது வேறு. நிலுவைத் தொகை எவ்வளவு என்று படிப்பது வேறு. 2000களின் நடுவில் இணையத்தில் புதிதாக முளைத்த நிறுவனங்கள் எல்லாம் வி.ஏ.ஜி. ரவுண்டட்டையோ அதன் சாயலையோ எடுத்து, பளபளப்பும் நிழலும் பூசி லோகோ செய்தன. பின்னால் வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் வந்தன. ‘தாமதக் கட்டணம் விதிக்கப்பட்டுள்ளது’ என்ற வாக்கியம் கொழுகொழு எழுத்தில் வரும்போது எரிச்சல் இரட்டிப்பாகிறதே தவிர குறைவதில்லை. சிரித்த முகத்தோடு கழுத்தைப் பிடிப்பவரை யாருக்குத்தான் பிடிக்கும்?

பொருத்தமாக அமைந்த இடம் ஒன்று உண்டு: விசைப்பலகை. ஆப்பிள் மடிக்கணினிகளின் விசைகளில் 2000களிலிருந்து பல ஆண்டுகள் இருந்தது வி.ஏ.ஜி. ரவுண்டட்டின் மெல்லிய வடிவம். 2015-இல் 12 அங்குல மேக்புக் வந்தபோதுதான் சான் ஃபிரான்சிஸ்கோ எழுத்துரு அந்த இடத்தைப் பிடித்தது. விசையின் மூலைகளும் உருண்டை, எழுத்தின் முனைகளும் உருண்டை. விரல் படும் இடத்தில் கண்ணுக்கும் கூர்மை இல்லை. ஒவ்வொரு விசையிலும் ஓர் எழுத்து, மிஞ்சினால் ஒரு சொல். இந்த வகை எழுத்துருவுக்கு இதைவிடச் சரியான வேலை கிடைக்காது. கார் கம்பெனியின் எழுத்தில்தான் தட்டச்சு செய்கிறோம் என்பது அந்தக் கணினியை வைத்திருந்த பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்காது.

கார் கம்பெனியோ 1990களில் வி.ஏ.ஜி. என்ற பெயரையே விட்டுவிட்டது. எழுத்துரு மட்டும் தங்கிவிட்டது. அடோபி அதை டிஜிட்டலாக்கி தின், லைட், போல்டு, பிளாக் என்று நான்கு தடிமன்களில் விற்றது. நடுத்தரமான ரெகுலர் தடிமன் அதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இது பத்தி பத்தியாகப் படிக்க வரையப்பட்டதல்ல, பலகைக்கும் தலைப்புக்கும்தான் என்பதற்கு அதுவே அடையாளம். 2018-இல் மோனோடைப் நிறுவனம் ‘வி.ஏ.ஜி. ரவுண்டட் நெக்ஸ்ட்’ என்று புதிதாக வரைந்து தடிமன்களை நிரப்பியது.

இனி வரைகிறவர் மேசைக்கு வருவோம். ‘ஃபியூச்சுராவை எடு, முனைகளை உருட்டு, முடிந்தது’ என்று தோன்றும். மென்பொருளில் மூலையை உருட்டும் பொத்தானும் இருக்கிறது. அதை அழுத்தியவர்களுக்குத் தெரியும், முதலில் எழுத்து குள்ளமாகிவிடும். சதுரமாக முடியும் கோடு அடிக்கோட்டை முழு அகலத்தில் தொடுகிறது. உருண்ட முனை ஒரே புள்ளியில்தான் தொடுகிறது. அளவுகோல் இரண்டும் ஒரே உயரம் என்கிறது, கண் இல்லை என்கிறது. அதனால் உருண்ட முனையைக் கோட்டுக்குக் கீழே கொஞ்சம் இறக்கி, மேலேயும் கொஞ்சம் ஏற்றி வரைய வேண்டும். ‘ஓ’ போன்ற வட்ட எழுத்துகளுக்கு எல்லா எழுத்துருவிலும் இந்தச் சலுகை உண்டு. உருண்ட முனை எழுத்துருவில் ‘ஐ’, ‘எல்’, ‘எச்’ என்று நேர்கோட்டு எழுத்துகளுக்கும் கொடுத்தாக வேண்டும்.

‘ஒரே தடிமன்’ என்று சொல்வதும் பொய்தான். படுக்கைக் கோட்டையும் நெடுக்கைக் கோட்டையும் உண்மையிலேயே ஒரே தடிமனில் வரைந்தால் படுக்கைக் கோடுதான் தடித்துத் தெரியும். அதை மெலிதாக்கினால்தான் இரண்டும் சமமாகத் தோன்றும். வட்டத்தோடு நேர்கோடு சேரும் இடத்தில் கறுப்பு தேங்கும். அங்கேயும் இளைக்க வேண்டும். காம்பஸில் வரைந்ததுபோன்ற தோற்றத்தைக் கொண்டுவர, காம்பஸை மீறிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. 1925-இல் பௌஹௌஸ் பள்ளியில் ஹெர்பெர்ட் பேயர் வட்டத்தையும் கோட்டையும் மட்டும் வைத்து ஒரு ‘பொது எழுத்து’ வரைந்தார். கொள்கையாக அது புகழ்பெற்றது. 1927-இல் வந்த ஃபியூச்சுராவில் பால் ரென்னர் கொள்கையைக் கண்ணுக்காக வளைத்துக் கொடுத்தார். உலகம் பயன்படுத்தியது ரென்னருடையதை.

தடிமன் ஏற ஏற இன்னொரு தலைவலி. முனை முழு அரைவட்டம் என்றால் அதன் ஆரம் கோட்டின் தடிமனில் பாதி. மெல்லிய எழுத்தில் அந்த உருண்டை தெரியவே தெரியாது. தடித்த எழுத்தில் ‘ஐ’ மருந்துக் கேப்ஸ்யூலாகிவிடும். ஒரே குடும்பத்தின் இரண்டு தடிமன்களுக்கு இரண்டு குணம் வந்துவிடுகிறது. இதைச் சமாளிக்கச் சிலர் முழு அரைவட்டத்தை விட்டுவிட்டு மூலைகளை மட்டும் லேசாக மழுக்குகிறார்கள். இப்போதைய மாறி எழுத்துருக்களில் (வேரியபிள் ஃபாண்ட்) தடிமனுக்கு ஓர் அச்சு இருப்பதுபோல உருட்டுக்கும் ஓர் அச்சு வைக்க முடிகிறது. இழுகோலை நகர்த்தினால் வெட்டுமுனை மெல்ல மெல்ல உருண்டையாகும். இரண்டு கோடுகள் சேரும் உள்மூலையை என்ன செய்வது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. உள்ளேயும் உருட்டினால் மை கசிந்ததுபோல் தெரிகிறது. உருட்டாமல் விட்டால், வெளியே மென்மையும் உள்ளே கத்தியுமாக இருக்கிறது. வி.ஏ.ஜி. ரவுண்டட் கத்தியை வைத்துக்கொண்டது. நல்ல முடிவு என்றே படுகிறது, அதனால்தான் அது வழவழவென்று போகாமல் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறது.

இந்த நிமிர்வு வேண்டும் என்று நினைத்தவர்கள் வேறு வழியிலும் போனார்கள். டோபியாஸ் ஃப்ரீர்-ஜோன்ஸ் வரைந்த காதம், நியூயார்க் துறைமுக ஆணையப் பேருந்து நிலையத்தின் பலகை எழுத்துகளிலிருந்து பிறந்தது. அதன் உருண்ட வடிவம் பின்னர் ‘பிரின்ட்’ இதழுக்காகச் செய்யப்பட்டது. அதைப் பார்த்தால் பொம்மைக் கடை நினைவுக்கு வருவதில்லை. இயந்திரத்தில் செதுக்கிய தகடுதான் நினைவுக்கு வருகிறது. ஜெர்மனியின் டி.ஐ.என். 1451 தரநிலை எழுத்திலிருந்து அகிரா கோபயாஷியின் மேற்பார்வையில் லைனோடைப் 2009-இல் கொண்டுவந்த டி.ஐ.என். நெக்ஸ்ட்டுக்கும் உருண்ட வடிவம் உண்டு. மொழி கற்பிக்கும் டுவோலிங்கோ செயலியின் திரையில் நெடுநாள் ஓடிய எழுத்து அதுதான். அதே நிறுவனம் தன் லோகோவுக்கும் தலைப்புகளுக்கும் ஆந்தையின் இறகை மனத்தில் வைத்து ‘ஃபெதர் போல்டு’ என்று தனி எழுத்து செய்துகொண்டது. லோகோவில் குறும்பு, பயிற்சிப் பக்கத்தில் ஒழுங்கு. உருண்டையிலேயே இரண்டு வகையைப் பிரித்துப் பயன்படுத்தத் தெரிந்த கைகள்.

காசு கொடுக்காமல் கிடைப்பவற்றில் குவிக்ஸாண்ட், நுனிட்டோ இரண்டையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2008-இல் ஆண்ட்ரூ பக்லினாவன் தொடங்கிய குவிக்ஸாண்ட் அசல் வடிவியல் பிள்ளை. ‘ஏ’ எழுத்தே ஒரு வட்டமும் ஒரு கோலும்தான். தலைப்பில் அழகு. பத்தியில் போட்டால் ‘ஏ’, ‘ஓ’, ‘டி’, ‘க்யூ’ எல்லாம் ஒரே வட்டத்தின் மறுபிறவிகளாகத் தெரிந்து கண் தடுமாறும். வெர்னன் ஆடம்ஸ் வரைந்த நுனிட்டோ கொஞ்சம் விவரமானது. தலைப்பு எழுத்தாகத்தான் அதுவும் தொடங்கியது. பிறகு ஜாக் லெ பையி அதற்கு எல்லாத் தடிமன்களையும் சேர்த்து, முனை உருளாத ‘நுனிட்டோ சான்ஸ்’ என்ற துணையையும் வரைந்தார். தலைப்புக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று. சிறு அளவில் உருண்ட முனை திரையின் சில புள்ளிகளைத் தின்றுவிட்டு மங்கலாக மட்டுமே தெரியும். உருட்டின் பயன் போய்விடும், இடைஞ்சல் மட்டும் மிஞ்சும். அந்தத் துணை எழுத்து பிறந்ததன் நியாயம் அங்கே இருக்கிறது.

தமிழுக்கு இந்த ஆடை எப்படிப் பொருந்துகிறது? ‘தமிழ் எழுத்தே உருண்டைதானே’ என்று சட்டென்று சொல்லிவிடலாம். ண, ஞ, ழ, ஒ என்று சுழிகள் நிறைய. ஆனால் வளைந்த உடலும் உருண்ட முனையும் வேறு வேறு சங்கதி. ட, ப, ம ஆகிய எழுத்துகளைப் பாருங்கள்: நிமிர்ந்த கோடு, படுத்த கோடு, நறுக்கென்ற மூலை. ‘ப’வின் கீழ்மூலைகளை ஆசைக்கு உருட்டினால் அது ஆங்கில ‘யூ’ ஆகிவிடும். ‘ட’வின் மூலையைத் தாராளமாக வளைத்தால் எழுத்து குடை சாயும். ஆகவே முனையை உருட்டலாம், மூலையை அளவோடுதான் மழுக்கலாம். சுழி எழுத்துகளுக்குத் துன்பம் வேறு வகை. ‘ணூ’, ‘ஞ’ போன்றவற்றைத் தடித்த எழுத்தில் வரையும்போது உள்ளே இருக்கும் வெற்றிடம் அடைபட்டுப் போகும். தடிமனைக் குறைப்பதா, எழுத்தை அகலமாக்குவதா என்று ஒவ்வொரு சுழிக்கும் தனித்தனியே பேரம் பேச வேண்டும். புள்ளிக்கு மட்டும் எந்தக் கவலையும் இல்லை, அது பிறப்பிலேயே வட்டம்.

இந்தப் பேரத்தை நன்றாகப் பேசியவர்கள் மும்பையின் ஏக் டைப் குழுவினர். 2016-இல் அவர்கள் பலூ என்ற எழுத்துரு வரிசையை வெளியிட்டார்கள். இந்திய எழுத்து முறை ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்துரு, ஒவ்வொன்றோடும் இலத்தீன். பெயர் வைத்த விதம் அழகு: குஜராத்திக்கு பலூ பாய், வங்காளத்துக்கு பலூ தா, மலையாளத்துக்கு பலூ சேட்டன், தெலுங்குக்கு பலூ தம்முடு, தமிழுக்கு பலூ தம்பி. பலூ சுத்தமான வடிவியல் எழுத்து அல்ல. கையால் தடித்த தூரிகையில் எழுதியதுபோன்ற அசைவு அதில் இருக்கிறது. தமிழுக்கு அதுவே நல்லது என்று சொல்லத் தோன்றுகிறது. காம்பஸை வைத்துக்கொண்டு ‘ழ’ வரைய உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

முதல் பலூ ஒரே ஒரு தடிமனில் வந்தது, அதுவும் குண்டாக. இதழ் அட்டை, குழந்தைகள் புத்தகத் தலைப்பு, ஐஸ்கிரீம் கடைப் பலகை, யூட்யூப் படத்தில் ஓரிரு சொல் என்று அதற்கு வேலை தாராளம். நல்ல உருண்டைத் தமிழ் எழுத்து இலவசமாகக் கிடைத்ததும் ஃப்ளெக்ஸ் அச்சகங்களுக்கும் அது தோதானது. பின்னால் வந்த பலூ தம்பி 2-இல் ரெகுலரிலிருந்து எக்ஸ்ட்ரா போல்டுவரை ஐந்து தடிமன்கள் உண்டு. ரெகுலர் இருக்கிறதே என்று அதில் முழுக் கட்டுரையையும் அடித்துவிடக் கூடாது. தலைப்பு, துணைத் தலைப்பு, படவிளக்கம், விலைச்சீட்டு, பொத்தான் இவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பத்து பாயின்டில் பக்கம் பக்கமாகப் போகும் உரைக்கு அதே ஏக் டைப் குழுவின் முக்தா மலர் இருக்கிறது. அதன் முனைகள் உருண்டை இல்லை.